குதிர் நிறைய வார்த்தை

ஸ்லோவாக் என்றொரு மொழி இருக்கிறது, தெரியுமோ? ஸ்லோவேனியா இல்லை சார், ஸ்லோவாக்கியா. பள்ளிக்கூட அட்லஸில் செக்கோஸ்லோவாக்கியா என்று நீளமாக ஒரு தேசம் இருந்ததே, அது 1993 ஜனவரி 1 அன்று பாகப்பிரிவினை செய்துகொண்டபோது கிடைத்த கிழக்குப் பாதி. போகட்டும், ஷோனா? அது ஜிம்பாப்வேயில் பெரும்பான்மை மக்கள் பேசுவது. இரண்டு மொழிக்கும் கொள்வினை கொடுப்பினை எதுவும் கிடையாது. பிறகு ஏன் ஒப்பிட வேண்டும்?

ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக இலக்கணத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நாமும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம்.

ஸ்லோவாக்கில் பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால், ஆறு வேற்றுமை. ஷோனாவில் பால் கிடையாது, வகுப்புகள். ஏறக்குறைய இருபது! நம்முடைய உயர்திணை, அஃறிணையை இருபது பெட்டியாகப் பிரித்தது மாதிரி. முன்ஹு என்றால் மனிதன், வன்ஹு என்றால் மனிதர்கள். சின்ஹு என்றால் பொருள், ஸ்வின்ஹு என்றால் பொருள்கள். சொல்லின் வாலில் இல்லை, தலையில் இருக்கிறது விஷயம்.

உச்சரிப்பில் இரண்டும் எதிரெதிர் துருவம். ஸ்லோவாக்கில் விரலுக்கு ப்ர்ஸ்த், கழுத்துக்கு க்ர்க், ஓநாய்க்கு வ்ல்க். உயிரெழுத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஷோனாவிலோ ஒவ்வொரு அசையும் உயிரில்தான் முடியும். அதனால் வெள்ளைக்காரர்களோடு வந்த 'ஸ்கூல்' அங்கே சிகோரோ ஆகிவிட்டது. 'சி' என்று ஆரம்பிக்கிறதே, அப்படியானால் இது பொருள்களின் பெட்டி என்று உள்ளே போட்டு, பன்மையும் செய்துகொண்டார்கள்: ஸ்விகோரோ. ஸ்லோவாக்கில் பள்ளிக்கு ஷ்கோலா. இரண்டுக்கும் கொள்ளுப்பாட்டி ஒருத்தியே, லத்தீன்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தோடு எழுந்து கைதட்டிவிட்டுப் போகிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. நான் பி.காம். படித்தவன். சொத்துப் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியை எடைபோடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முடிவெடுக்கிற நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

ஸ்லோவாக் கதையைப் பாருங்கள். 1787-ல் அன்டன் பெர்னோலாக் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் மேற்கு வட்டாரப் பேச்சை ஒட்டி ஓர் எழுத்துமொழி வகுத்தார். லூதரன்கள் சேரவில்லை. அவர்களுக்கு பைபிளின் பழைய செக் மொழியே போதுமாக இருந்தது. 1843-ல் லூதரன்காரரான லுடோவிட் ஷ்டூர், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, மத்திய வட்டாரப் பேச்சே பொதுமொழி என்று முடிவு செய்தார். சச்சரவு ஓயவில்லை. கடைசியில் 1851-ல் இரண்டு கட்சியும் உட்கார்ந்து பேசி சமரசத்துக்கு வந்தன.

ஷோனாவிலும் இதே கூத்துதான். ஜெசூயிட் பாதிரியார்கள் செசுரு வட்டார வழக்கில் புத்தகம் போட்டார்கள். டச்சு சீர்திருத்த சபை கரங்கா வழக்கில், ஆங்கிலிக்கன் சபை மன்யிகா வழக்கில். சபைக்கு ஒரு ஸ்பெல்லிங்! இதைத் தீர்க்க வெள்ளை அரசாங்கம் கூப்பிட்டது கிளெமென்ட் டோக் என்ற மொழியியல் பேராசிரியரை. 1931-ல் அவர் அறிக்கை கொடுத்தார். புதுப் புது எழுத்துகளெல்லாம் சிபாரிசு செய்தார். 1955-ல் அவற்றைக் கைவிட்டார்கள். அறிஞர்தான், உழைப்பாளிதான். ஆனால் பஞ்சாயத்து வேறொருவர் வீட்டில் நடந்தது.

விளைவு? ஸ்லோவாக் பேசுகிறவர்கள் 50 லட்சத்துச் சொச்சம். ஷோனா பேசுகிறவர்கள் 1 கோடிக்கும் மேல். ஆனால் பிராட்டிஸ்லாவாவில் ஒரு பெண் ஸ்லோவாக்கிலேயே மருத்துவம் படித்து டாக்டராகலாம். ஹராரேயில் வீட்டில் ஷோனா பேசுகிற பையன் கணக்குப் பரீட்சையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நர்ஸ் பயிற்சிக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ போவதென்றால் ஐந்து பாடங்கள் தேறியிருக்க வேண்டும், அதில் ஆங்கிலமும் இருக்க வேண்டும். சுதந்திரம் வந்தது 1980-ல். பரீட்சைத் தாளுக்கு அது வரவில்லை.

ஷோனாவில் வார்த்தை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1996-ல் முழுக்க ஷோனாவிலேயே அகராதி வந்துவிட்டது. 2004-ல் மருத்துவச் சொற்களுக்கே தனி அகராதி.

இதற்காக ஸ்லோவாக்கைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் முடியாது. 1875-ல் ஹங்கேரி அரசு ஸ்லோவாக் பண்பாட்டுக் கழகமான மாடிட்சா ஸ்லோவென்ஸ்காவை இழுத்து மூடியது. அந்த வலி தெரிந்தவர்கள்தான் 2009-ல் மொழிச் சட்டத்தைத் திருத்தி 5,000 யூரோ வரை அபராதம் வைத்தார்கள். அங்கே வாழும் ஹங்கேரியர்கள் கொதித்துப் போனார்கள். மாமியாரிடம் குட்டுப்பட்ட மருமகள், மாமியாரானதும் செய்கிற வேலை. ஷோனாவும் லேசுப்பட்டதில்லை. தன் வட்டார வழக்குகள் என்று அது கணக்கில் வைத்திருந்த ந்டாவும் கலங்காவும் தனி மொழிகளாக அங்கீகாரம் பெற 2013 அரசியல் சட்டம் வரவேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தில் மொத்தம் 16 மொழிகள். பட்டியலில் எல்லோருக்கும் இடம். பரீட்சை ஹாலில்?

அடுத்த முறை யாராவது இரண்டு மொழிகளை ஒப்பிட்டு, இதில் எத்தனை வேற்றுமை, அதில் எத்தனை வகுப்பு என்று அடுக்கினால் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மொழியில் ஒரு பிள்ளை கணக்குப் பரீட்சை எழுத முடியுமா?

ஷோனாவில் அகராதிக்கு துராமஸ்வி என்று பெயர். துரா என்றால் தானியக் குதிர், மஸ்வி என்றால் வார்த்தைகள். எவ்வளவு அழகான பெயர்! குதிர் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் குதிரில் இருக்கும்வரை அது நெல். உலையில் போட்டால்தானே சோறு?