கட்டளைக்கு அடங்காத காய்கள்

போர் விளையாட்டு பிறந்தது கட்டளையிடுபவர்களின் மேசையில். 1824இல் பிரஷ்யப் படைத்தலைமை ஏற்றுக்கொண்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி. 1950களில் அமெரிக்கர் சார்லஸ் ராபர்ட்ஸ் தம் அவலான் ஹில் நிறுவனத்தின் வழியே அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோதும் அடிப்படை மாறவில்லை: நாம் காயை நகர்த்தினால் படை நகரும். கெட்டிஸ்பர்க் போன்ற ஒரு களப்போருக்கு இது போதும். புரட்சிக்குப் போதாது. 1917 பிப்ரவரியில் பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் தெருவில் இறங்கியபோது அவர்களை யாரும் நகர்த்தவில்லை. உள்ளூர் போல்ஷெவிக்குகளே அன்றைக்கு வேலைநிறுத்தம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். யார் கட்டளையிடுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதே குழம்பிக் கிடக்கும் காலத்தைப் பலகையில் எப்படி விரிப்பது?

இதற்குக் கிடைத்த விடைகளில் சுவையானவை பலவும் ஒற்றையாள் ஆட்டங்களில் இருக்கின்றன என்பது என் எண்ணம். நம் ஆடுபுலி ஆட்டத்தில் இரு தரப்பும் சமமில்லை என்றாலும் எதிரே ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். ஒற்றையாள் ஆட்டத்தில் அந்த இருக்கை காலி; அங்கே சீட்டுக்கட்டும் பகடையும் விதிகளும் உட்கார்ந்திருக்கின்றன. 1983இல் வந்த 'ஆம்புஷ்!' போன்றவை இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தன. ஆனால் அவை இரண்டாம் உலகப்போர்க் களத்தோடு நின்றுவிட்டன. புரட்சியின் பக்கம் வரவில்லை.

திருப்பம் 2008இல் தொடங்கிய 'ஸ்டேட்ஸ் ஆஃப் சீஜ்' வரிசை. வெளியிட்டது கலிஃபோர்னியாவின் விக்டரி பாயிண்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம். இதில் டேரின் லெவிலாஃப் வடிவமைத்த 'சோவியத் டான்' (2009) ரஷ்ய உள்நாட்டுப் போரைப் பற்றியது. நடுவில் மாஸ்கோ. பல திசைகளிலிருந்து அதை நோக்கி வரும் பாதைகளில் பகைப்படைகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டு எடுக்கிறோம். அதில் ஒரு வரலாற்று நிகழ்வு இருக்கும். எந்தெந்தப் படை ஒரு கட்டம் நெருங்கும், நமக்கு எத்தனை செயல் என்பதும் இருக்கும். ஒரு செயலுக்கு ஒரு பகடை. விழும் எண் அந்தப் படையின் வலிமையைத் தாண்டினால் அது ஒரு கட்டம் பின்வாங்கும். ஏதேனும் ஒரு படை மாஸ்கோவைத் தொட்டால் தோல்வி. கட்டு தீரும்வரை தாக்குப்பிடித்தால் வெற்றி.

எளிய பொறிதான், ஆனால் இந்தப் போருக்கு அச்சாகப் பொருந்துகிறது. 1919 வசந்தத்தில் கிழக்கிலிருந்து போல்ஷெவிக் எதிர்ப்புத் தளபதி கோல்ச்சாக். அவரைத் தள்ளி முடிப்பதற்குள் தெற்கிலிருந்து அதே அணியின் டெனிகின். அக்டோபரில் அவருடைய படை பிடித்த ஒரியோல் நகரம் மாஸ்கோவிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தது. அதே மாதம் அந்த அணியின் இன்னொரு தளபதி யூதெனிச் பெட்ரோகிராடின் வாசலில் நின்றார். போல்ஷெவிக்குகளைக் காப்பாற்றியவற்றுள் முக்கியமானது, ரயில் பாதைகள் கூடும் நடுப்பகுதி அவர்கள் கையில் இருந்ததுதான். ஒரு முனையில் கொஞ்சம் மூச்சு விட்டால் படையை அடுத்த முனைக்கு ஏற்றி அனுப்பலாம். கையில் இரண்டே செயலை வைத்துக்கொண்டு எந்தப் பாதையை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவருக்கு, பல பக்கம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது விரல் நுனியில் தெரிந்துவிடுகிறது.

இந்த வடிவத்தின் குறையும் அங்கேதான். முற்றுகை என்று வந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தரப்பு. 1921 மார்ச்சில் போல்ஷெவிக் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த கிரோன்ஷ்டாட் மாலுமிகள் 1917இல் புரட்சியின் பெருமையாகப் பேசப்பட்டவர்கள். இந்த வடிவத்தில் அவர்களுக்கு வட்டத்துக்கு வெளியேதான் இடம். தானியம் பறிகொடுத்த உழவருக்கு அதுவும் இல்லை.

ஜான் வெல்ச்சின் 'லெவே ஆன் மாஸ்' இதே பொறியைப் பிரெஞ்சுப் புரட்சிக்குக் கொண்டுபோனது. பாரிஸை நோக்கிப் படைகள் வருவதோடு முடியாட்சி, குடியரசு, சர்வாதிகாரம் மூன்றும் உள்ளேயே இழுபறியில் இருக்கும். இது ஒரு நல்ல முன்னேற்றம். ஆனாலும் நிகழ்ந்த வரலாறு ஆட்டத்தின் தர்க்கத்துக்கு நேர்மாறான ஒன்றைச் செய்தது. 1794 ஜூன் 26 அன்று ஃப்ளூருஸ் போரில் பிரெஞ்சுப் படை பெற்ற வெற்றியால் வடக்கு எல்லையின் நெருக்கடி தளர்ந்தது. பலகையில் அது மூச்சுவிடும் தருணம். நிஜத்தில், ஆபத்தைக் காட்டி நியாயப்படுத்தப்பட்ட பயங்கர ஆட்சிக்குக் காரணமே இல்லாமல் போக, ஏறக்குறைய ஒரு மாதத்தில் அதன் முகமாக இருந்த ரொபெஸ்பியர் வீழ்ந்தார். வென்றதால் கவிழ்ந்த ஆட்சியைக் காட்ட முற்றுகை ஆட்டத்தில் வழி இல்லை.

இருக்கையை மாற்றிப் போட்டுப் பார்த்தவர் பென் மாடிசன். வைட் டாக் கேம்ஸ் வெளியிட்ட 'டோன்ட் ட்ரெட் ஆன் மீ' ஆட்டத்தில் நாம் பிரிட்டிஷ் முடியின் பக்கம். அமெரிக்கக் கலகக்காரர்களை இயக்குவது விதிகள். இது எனக்கு மிகவும் நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. எங்கே வெடிக்கும் என்று தெரியாத ஒன்றாகப் புரட்சியை உணர ஆள்பவரின் நாற்காலியே சரியான இடம். பிரிட்டிஷார் நியூயார்க்கை 1776 முதல் 1783 வரை விடாமல் வைத்திருந்தார்கள். பிலடெல்ஃபியாவைப் பிடித்தார்கள், பிறகு விட்டும் போனார்கள். ஊர் கைக்கு வந்தது, நாடு வரவில்லை.

இன்னொரு கிளை, சிஐஏவில் பகுப்பாய்வாளராக இருந்த வோல்கோ ரூன்கே 2012இல் தொடங்கி வைத்த, கிளர்ச்சிகளைப் பற்றிய 'காயின்' வரிசை. இவை பெரும்பாலும் நால்வர் ஆட்டம். 'கூபா லிப்ரே'யில் பாட்டிஸ்டா அரசு, காஸ்ட்ரோவின் ஜூலை 26 இயக்கம், மாணவர் டிரெக்டோரியோ, சூதாட்ட விடுதிகளின் மாஃபியா. தனியாக ஆடும்போது ஆள் இல்லாத தரப்புகளை ஒரு முடிவுப்படம் நடத்தும்: 'ஆம்' என்றால் இந்தக் கட்டம், 'இல்லை' என்றால் அடுத்தது. மூன்று தரப்புக்கும் இப்படி வரி வரியாகப் பார்த்து முடிப்பதற்குள், காஸ்ட்ரோவே மலையிலிருந்து இறங்கிவிடுவாரோ என்று தோன்றும். 2019இல் வந்த புரூஸ் மான்ஸ்ஃபீல்டின் 'காந்தி' இந்த வேலையைச் சீட்டுகளிடம் கொடுத்து இலகுவாக்கியது. அந்த முறைக்குப் பெயர் 'அர்ஜுனா'.

'காந்தி'யில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர், ஆங்கில அரசு என நான்கு தரப்பு. அறவழியைப் பலகையில் கொண்டுவரத் துணிந்ததே பெரிது. ஆனால் காங்கிரஸும் புரட்சியாளரும் தனித்தனி நிறக் காய்களாகப் பிரிந்து நிற்பது எனக்கு உறுத்துகிறது. 1922 பிப்ரவரியில் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தியது சௌரி சௌராவுக்காக. அங்கே காவல் நிலையத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் இருந்தவர்கள் இன்னொரு தரப்பின் ஆட்கள் அல்ல, காங்கிரஸின் தொண்டர்கள்.