ஓவியச் சுருளில் ஒரு திராவிட ஆசான்

சப்பானின் நாரா நகரில் உள்ள தோடாய்சிப் பவுத்தப் பள்ளிக்குரிய ஓவியச் சுருள் ஒன்று, 12ஆம் நூற்றாண்டினது. கண்டவியூகம் என்னும் பவுத்த நூல் கூறும் சுதனன் என்ற இளைஞனின் அறிவுப் பயணமே அதன் பொருள்.

தெற்கு நோக்கி நடந்த அவ்விளைஞன் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆசான்களை நாடினான். அவர்களுள் பார்ப்பனர் உண்டு. ஆனால் அறிவு அவர்க்கே உடைமை என்ற வேலி இல்லை! மரக்கலமோட்டி உண்டு, நறுமண வணிகன் உண்டு, கணிகை உண்டு, சிறுவனும் உண்டு. திராவிட நாட்டு மேகன் என்னும் இலக்கண ஆசானும் உண்டு! குலம் கேட்டா கற்றான் சுதனன்? இல்லை. கைகூப்பி வணங்கி, நல்வழி கேட்டான். இதுவே இச்சுருளின் பெருமை என்போம்.

குறையையும் மறைக்கமாட்டோம். நெருப்பில் குதிக்கச் சொல்கிறான் பார்ப்பனத் துறவி ஒருவன். சுதனன் ஐயுறுகிறான். நல்ல ஐயம்! வானத்துத் தேவர்கள் குரல் கொடுத்து அதனை அடக்குகின்றனர், இளைஞன் குதிக்கிறான். நூலில் தேவர் வென்றனர், அறிவு தோற்றது.

நம் கிருட்டிணகிரி, ஓசூர்ப் பகுதி நடுகற்களிலும் இந்த இரட்டை முகம் காணலாம். அடுக்கடுக்காய்ச் செதுக்கிய கற்களில் கீழே வீரனின் போர். மேலே அவனுக்கு வானுலகம்! ஊர் காக்க மாண்டவனின் புகழ் மண்ணில் போதாதா?

தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தொலிக்கும் ஓசூர் ஆலைகளில் உழைக்கும் தோழர்களே! எவரிடமும் கற்கும் சுதனனின் துணிவைக் கொள்வோம். ஐயத்தை அடக்கும் வானத்துக் குரலைத் தள்ளுவோம்.