மூக்கு போகும் வழி

ஞாயிறு காலை ஐந்தரைக்கே கருப்பன் வாசலில் வந்து நிற்பான். நாட்டு நாய். கயிற்றைக் கையில் எடுத்தால் போதும், உடம்பு முழுக்க வாலாகிவிடும். மதுரை ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் சாலையில் நடப்போம். யானைமலை படுத்த யானையாய்க் கூடவே வரும்.

டீக்கடை ஓரம், வேப்பமரத்தடி, மாடு போன தடம் என்று ஒன்றையும் மோந்து பார்க்காமல் விடமாட்டான். நாயின் மூக்குத் துளை ஓரத்தில் ஒரு சிறு கீறல் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? விடும் மூச்சு அதன் வழியே பக்கவாட்டில் போய்விடும். எதிரே இருக்கும் வாசனை கலையாது. எவ்வளவு நுட்பமான வேலைப்பாடு! அப்படிப்பட்ட நாயைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது பாவம். அவனுக்காக நிற்கப் பழகினேன். அப்படி நின்றபோதுதான், சாம்பலாயிருந்த மலை வெயில் பட்டுச் சிவப்பதை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன்.

நரசிங்கத்தில் யோக நரசிம்மர் குடைவரை இருக்கிறது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைந்தது; கி.பி. 770 வாக்கில் அவர் மறைய, தம்பி மாறன் எயினன் முடித்தார். வெளியே மரநிழலில் உட்கார்ந்தால், கருப்பன் தாடையை என் செருப்பின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். வாரம் முழுக்கச் சேர்ந்த பாரம் அங்கேதான் இறங்கும்.

எட்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். மதுரை வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். கிளம்புமுன் புறங்கையைச் சாலையில் சில நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.