இரண்டு மானிட்டரும் ஒரு முகமூடியும்

வி.ஆர். ஹெட்செட் எனப்படும் மெய்நிகர்க் காட்சிக் கருவியைக் கணிப்பொறியில் செருகிவிட்டால் செஞ்சிக் கோட்டையையும் செவ்வாய்க் கோளையும் வகுப்பறைக்கே கொண்டுவந்துவிடலாம் என்ற பொருளில் விளம்பரங்கள் வருகின்றன. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பின்னர், அவலூர்பேட்டைப் பக்கத்து ஆசிரியர் அறைகளிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. ஆய்வகத்திற்கு ஆண்டுக்கொருமுறை வரும் சிறு தொகையை இதில் போடலாமா என்பதே கேள்வி. போடும் முன் கருவியைக் கொஞ்சம் எடைபோட்டுப் பார்ப்போம்.

இதன் அடிப்படைத் தத்துவம் பழையது. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தை உணரும் என்பதை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிக் காட்டினார். 1968இல் ஹார்வர்டில் ஐவன் சதர்லாந்து இதையே கணிப்பொறியோடு இணைத்தார். அவருடைய கருவி கூரையிலிருந்து தொங்கியது. வெறும் கோட்டுருவங்களையே காட்டியது. நம்மவர்க்கு இத்தத்துவம் 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ திரைப்படத்தின் வழியே அறிமுகமாயிற்று. அப்போது கொடுத்த கண்ணாடிகளால் கண்நோய் பரவும் என்று வதந்தி கிளம்ப, அவை ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் தூய்மை செய்யப்படுகின்றன என்று முன்னணி நடிகர்களே திரையில் தோன்றிச் சொல்லவேண்டியிருந்தது. நாற்பத்தைந்து மாணவர் முகத்தில் மாறி மாறிப் பொருந்தும் ஹெட்செட்டின் நுரைப்பஞ்சைப் பற்றி இன்றைய விளம்பரங்கள் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

செருகினால் போதும் என்கிறார்களே, எங்கே செருகுவது? 1998இல் வந்த விண்டோஸ் 98 முதற்கொண்டே ஒரு கணிப்பொறியில் பல மானிட்டர்களை இணைக்க முடிகிறது. ஹெட்செட்டும் உள்ளே ஒரு திரைதானே, அதுவும் இன்னொரு மானிட்டர் போலத்தானே என்று தோன்றும். 2013, 2014ஆம் ஆண்டுகளில் மென்பொருள் எழுதுவோருக்கென ஆக்குலஸ் நிறுவனம் வெளியிட்ட மாதிரிகளைக் கணிப்பொறியும் அப்படித்தான் எண்ணிக்கொண்டது. மவுஸ் அம்பு ஹெட்செட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், தேடுவது பெரும்பாடு. பின்னர் வந்தவற்றில் மென்பொருள் நேராக ஹெட்செட்டோடு பேசுகிறது. மானிட்டர் பட்டியலில் அது சேருவதில்லை. ஆனால் மானிட்டர் போலக் கேபிளில் இணையும் வகைகள் கிராபிக்ஸ் கார்டின் ஒரு துளையைப் பிடித்துக்கொள்வது மட்டும் மாறவில்லை.

இங்கேதான் கடைக்காரர்கள் குழப்புகிறார்கள். பல லேப்டாப்களில் எச்.டி.எம்.ஐ. துளை, தனியாக உள்ள கிராபிக்ஸ் சில்லோடு சேராமல், பிராசசருக்குள் இருக்கும் சிறிய சில்லோடு சேர்ந்திருக்கும். அத்துளையில் மானிட்டர் வேலை செய்யும். ஹெட்செட் பெரும்பாலும் செய்யாது. மேசைக் கணிப்பொறியின் கார்டில் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. துளை இருந்து, ஹெட்செட்டும் அதையே கேட்டால், மானிட்டரை டிஸ்ப்ளே போர்ட் துளைக்கு மாற்ற ஒரு மலிவான அடாப்டர் போதும். ஆனால் ஹெட்செட் டிஸ்ப்ளே போர்ட்டைக் கேட்டால் அதே அடாப்டரைத் திருப்பி மாட்டிப் பயனில்லை. டிஸ்ப்ளே போர்ட் துளைகள் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. குறிகளையும் அனுப்பவல்லவை, எச்.டி.எம்.ஐ. துளைக்கு அத்திறமை கிடையாது. இது ஒருவழிப்பாதை. இதை அறியாத ஒரு கடையில் எனக்கு இருவழிக்கும் ஒன்றே என்று சொல்லி அடாப்டரை விற்கப் பார்த்தார்கள்.

கேபிள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? மாணவ வாசகர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம். சாதாரண மானிட்டரில் 1920 × 1080 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள். ஆக நொடிக்குச் சுமார் 12.4 கோடிப் புள்ளிகள். 2016இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் இரண்டிலும் கண்ணுக்கு 1080 × 1200 புள்ளிகள்; நொடிக்கு 90 படங்கள்; ஆக 23.3 கோடி. அத்தோடு முடியவில்லை. லென்ஸ் படத்தை வளைப்பதால், கணிப்பொறி எதிர்த்திசையில் வளைத்து வரைந்து அனுப்பவேண்டும். அதில் நடுப்பகுதி மங்காமலிருக்க நீளம், அகலம் இரண்டிலும் ஏறத்தாழ 1.4 மடங்கு பெரிதாக வரைவது வழக்கம். அப்போது வேலை சுமார் 45.7 கோடியாகிறது. மூன்று மானிட்டர்களுக்கும் மேற்பட்ட சுமை! ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரமோ ஒரு நொடியில் 90இல் ஒரு பங்கு, அதாவது 11 மில்லி செகண்ட். தவறினால் தலை திரும்பிய பிறகு காட்சி திரும்பும், வயிற்றைப் புரட்டும். பக்கத்து மானிட்டரில் அசையாத பாடப் பக்கம் இருந்தால் கெடுதலில்லை. அதில் வீடியோ ஓடவிட்டால்தான் வினை.

2019இல் வந்த வால்வ் இண்டெக்ஸ் கண்ணுக்கு 1440 × 1600 புள்ளிகள் கொண்டது. புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 90 படம் என்றால் நொடிக்குச் சுமார் 10 கிகாபிட். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 கேபிள் வழியே படத்துக்காகச் செல்லக்கூடியது 8 கிகாபிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அக்கருவி டிஸ்ப்ளே போர்ட் கேட்பதன் நியாயம் இக்கணக்கில் தெரிகிறது.

இத்தனை பாடுபட்டுக் காண்பது எவ்வளவு தெளிவு? நல்ல கண் ஒரு பாகைக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 2016ஆம் ஆண்டுக் கருவிகளில் பாகைக்கு 12 புள்ளிகள் அளவே கிடைத்தன. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியை 8 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அது கண்ணில் 1.7 பாகை உயரம் பிடிக்கும். ஹெட்செட்டில் அம்மலை 20 புள்ளி உயரம்! 2023இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3இல் பாகைக்கு 25 புள்ளிகள் என்கிறார்கள். பாதி வழி கூட ஆகவில்லை.

ஹெட்செட் வாங்கினால் மானிட்டர்களே வேண்டாம், அதற்குள்ளேயே விரும்பிய எண்ணிக்கையில் திரைகளைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம் என்ற வாதத்தை இக்கணக்கே முறித்துவிடுகிறது. 24 அங்குல மானிட்டர் 60 சென்டிமீட்டர் தூரத்தில் சுமார் 48 பாகை அகலம் பிடிக்கும். பாகைக்கு 12 வீதம் அந்த 1920 புள்ளிகள் 576 ஆகச் சுருங்கும். ஆங்கில எழுத்தை ஊகித்தாவது படித்துவிடலாம். தமிழுக்குப் புள்ளி போனால் பொருளே போயிற்று.

இனி வகுப்பறை. 45 மாணவர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 135 நிமிடம், மூன்று பாடவேளை. ஒருவர் காண்பதை மற்றவர்க்குக் காட்ட இரண்டாவது மானிட்டர் எப்படியும் தேவை. 1992இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் செய்த ‘கேவ்’ என்னும் அறை, சுவர்களையே திரைகளாக்கிப் பலரை உள்ளே நிற்கவைத்தது. அதிலும் ஒருவர் தலையசைவுக்குத்தான் காட்சி சரியாகப் பொருந்தும். ஆனால் மற்றவர்கள் வெளியே வரிசையில் நிற்கவில்லை.

கருவிக்குச் சிறப்பே இல்லையென்று சொல்ல வரவில்லை. மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றியுள்ள காந்தக் கோடுகளைக் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும், அவற்றின் நடுவே நின்று பார்ப்பதற்கு ஈடாகாது. சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கென எக்ஸ்.டி.ஐ.சி. என்ற மையமே இயங்கிவருகிறது. ஆராய்ச்சிக்கூடத்திற்கு அது தகும். ஒரே ஒரு கருவி வாங்கிப் பத்தாண்டு ஓட்டவேண்டிய நம் ஆய்வகங்களின் நிலை வேறு.

அந்தப் பத்தாண்டுக்கு உறுதி தருபவர் யார்? 2017இல் ஏசர், டெல், எச்.பி., லெனோவா முதலிய நிறுவனங்கள் மைக்ரோசாப்டின் விண்டோஸ் மிக்சட் ரியாலிட்டி முறையை நம்பி ஹெட்செட்டுகளை விற்றன. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் மைக்ரோசாப்ட் அம்முறையையே நீக்கிவிட்டது. கண்ணாடி உடையவில்லை, கம்பி அறுபடவில்லை. அப்பதிப்பை ஏற்ற கணிப்பொறிகளில் கருவிகள் மட்டும் செயலிழந்தன. அதே 2017இல் வாங்கிய மானிட்டர் இன்றும் செருகினால் எரியும்.

என் தீர்ப்பு: முதலில் இரண்டாவது மானிட்டர், அடுத்து நல்ல கிராபிக்ஸ் கார்டு, ஹெட்செட் கடைசி. அதற்கும் தொகை மிஞ்சினால், வாங்கும் முன் கடையிலேயே தமிழ்ப் பாடநூலின் ஒரு பக்கத்தைக் கருவிக்குள் திறக்கச் சொல்லி, ‘பல’ என்பதும் ‘பல்’ என்பதும் வேறாகத் தெரிகின்றனவா என்று ஒரு மாணவரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.