எலியின் விழைவும் ‘இன்பம்’ என்னும் சொல்லும்: அபினி ஆய்வுமுறைகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆய்வக விலங்கு மார்ஃபினை நாடுவதைத் தமிழில் எழுதுவோர் ‘இன்பம்’, ‘வெகுமதி’, ‘அடிமைத்தனம்’ என்னும் சொற்களை வேறுபாடின்றி ஆள்வதுண்டு. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. அளக்கப்பட்டது எது என்பதை மறைக்கும் சொல், ஆய்வின் முடிவையும் பிறழ உணர்த்தும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மூவகை அளவீடுகள்

முதலாவது தன்னூட்டல். எலி நெம்புகோலை அழுத்தினால் அதன் சிரைக்குள் மார்ஃபின் செல்லும் அமைப்பை ஜேம்ஸ் வீக்ஸ் 1962இல் வெளியிட்டார். இங்கு எண்ணப்படுவன அழுத்தங்களே. ஒருமுறை செலுத்தும் அளவு ஒரு வரம்புக்கு மேல் மிகுந்தால் அழுத்தங்கள் குறையும். சிலவற்றிலேயே போதிய மருந்து கிட்டிவிடும். ஆகவே எண்ணிக்கைக் குறைவை விழைவின் குறைவாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது இடவிருப்பம். ஓர் அறையில் மார்ஃபினும் மற்றோர் அறையில் உப்புநீரும் பெற்ற விலங்கு, பின்னர் மருந்தின்றி எவ்வறையில் நெடிது தங்குகிறது என நோக்குவர். ஏற்கெனவே மருந்துக்குப் பழகிய விலங்காயின், விலகல் துன்பம் தணிந்த இடத்தையும் அது நாடும். இன்பமும் துன்பநீக்கமும் ஒரே எண்ணாக வெளிப்படும்.

மூன்றாவது மூளைத் தன்தூண்டல். 1954இல் ஓல்ட்ஸ், மில்னர் ஆகியோர் தொடங்கிய இம்முறை இந்தியாவிலும் பயின்றது. தன்தூண்டலில் ஈடுபட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸ், இயக்கப் புறணி ஆகிய பகுதிகளில் நரம்பணுக் கிளைகள் பெருகியதைப் பெங்களூரு நிமான்சைச் சேர்ந்த தேசிராஜு உள்ளிட்டோர் 1993இல் காட்டினர். மார்ஃபின் இத்தூண்டலுக்கு வேண்டிய மின்னளவைக் குறைக்கும். அதேவேளை, மயக்கத்தால் அழுத்தும் வேகத்தையும் தொடக்கத்தில் குறைக்கும். வேகத்தை மட்டும் நோக்குவோர் நேர்மாறான முடிவுக்கு வருவர்.

மெய்ப்பாடும் அளவீடும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை உள்ளிட்ட எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுவதே மெய்ப்பாடு. புறக்குறியையும் அகவுணர்வையும் பிரித்தறியும் இந்நோக்கு இங்கும் வேண்டும். அழுத்தம், தங்கல், மின்னளவு ஆகியவை குறிகள். உவகை என்பது அவற்றிலிருந்து நாம் உய்த்துணர்வது.

சொல்லின் விளைவு

‘மருந்து தொட்டாலே அடிமை’ என்னும் கருத்துக்குக் கூண்டெலிகளைச் சான்றாக்குவோர், கூண்டின் பங்கை மறக்கின்றனர். தனித்து அடைக்கப்பட்ட எலிகள், கூட்டமாக வாழ்ந்தவற்றைவிட மிகுதியாக மார்ஃபின் கரைசலை அருந்தியதாக அலெக்சாந்தர் குழுவினர் 1978இல் கண்டனர். பின்வந்த மறு ஆய்வுகள் யாவும் இதனை உறுதிசெய்யவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடிகளால் புற்றுநோயாளரின் வலிதணிப்புக்கும் மார்ஃபின் அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை எளிதாக்க முற்பட்டது. வலியால் துடிப்பவரும் அவர்தம் குடும்பத்தாரும் மார்ஃபினை அஞ்சி மறுக்க, பிழைபட்ட ஒரு சொல்லும் காரணமாகலாம்.

முடிவுரை

தன்னூட்டலுக்கு ‘வலுவூட்டல்’, இடச்சோதனைக்கு ‘இடவிருப்பம்’, மின்தூண்டலுக்கு ‘தூண்டல் வாயிலளவு’ என வேறு வேறு சொற்களை ஆள்வதே தகும். ‘அடிமையாதல்’ என்பதனை, தீங்கு நேர்ந்தும் நாட்டம் தொடரும் நிலைக்கு மட்டும் வரையறுக்க வேண்டும்.