சிவகாசிப் படமும் கொழும்பு ஒலியும்

மேல்நாட்டில் காமிக்ஸ் ரசிகனும் பாட்டு ரசிகனும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். 1968-ல் ‘சீப் த்ரில்ஸ்’ இசைத்தட்டுக்கு உறை வரைந்த ராபர்ட் கிரம்ப், அதைக் காமிக்ஸ் கட்டங்களாகவே வரைந்தார். உள்ளே பாடியவர் ஜானிஸ் ஜாப்ளின். மறு ஆண்டே, ஆர்ச்சி காமிக்ஸ் பாத்திரங்களின் பெயரில் இட்டுக்கட்டிய ‘தி ஆர்ச்சீஸ்’ குழுவின் ‘ஷுகர், ஷுகர்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1977-ல் கிஸ் குழுவினர் தங்களைப் பற்றிய காமிக்ஸ் இதழின் அச்சு மையில் தங்கள் ரத்தத்தையே கலந்தார்கள். விளம்பர வித்தைதான், ஆனாலும் அந்த வித்தை காமிக்ஸும் வாங்கி இசைத்தட்டும் வாங்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று நம்பியே செய்யப்பட்டது. 1987-ல் ஆந்த்ராக்ஸ் குழு காமிக்ஸ் நாயகன் ஜட்ஜ் ட்ரெட்டைப் பற்றிப் பாடியது. ஆலன் மூரின் ‘வி ஃபார் வெண்டெட்டா’ காமிக்ஸுக்குள்ளேயே ஒரு பாட்டு இசைக்குறிப்போடு அச்சானது. இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழில் இதற்கு இணையாக அடுக்க ஒன்றும் கிடையாது. இரும்புக்கை மாயாவியின் பெயரில் ஒரு பாட்டுக் குழு எழவில்லை, கௌபாய் டெக்ஸ் வில்லருக்கு ஒரு இசைத்தட்டு வரவில்லை. ஆகவே தமிழ்க் காமிக்ஸ் ரசிகனுக்கு இசை என்று தனியாக எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவது சுலபம். அந்த முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அவனுக்கு இசை இருந்தது. அது காமிக்ஸுக்கு முன்பே வந்துவிட்டது, வேறு வாசல் வழியாக வந்தது. அதனால்தான் கண்ணில் படவில்லை.

இதை விளங்கிக்கொள்ள பெரியதாழை போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்ப்பது நல்லது. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே, தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிற கத்தோலிக்க மீனவர் ஊர். தமிழ்க் காமிக்ஸின் தலைநகரான சிவகாசி இங்கிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். கிழக்கே கடலைத் தாண்டினால் இலங்கை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்குப் படக்கதை வந்தது சிவகாசியிலிருந்து. பாட்டும் வசனமும் காற்றில் வந்தது கொழும்பிலிருந்து. படத்தை ஒருவர் கொடுத்தார், ஒலியை இன்னொருவர் கொடுத்தார். இரண்டையும் ஒன்றாக்கி விற்க யாரும் முன்வரவில்லை. ஒட்டுகிற வேலையை வாசகனே செய்துகொண்டான்.

முதலில் படம். 1972 ஜனவரியில் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. அது பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் 1962-ல் பிறந்த கதை. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடம்பு மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தக் காலத் தமிழ்ச் சிறுவனை இதைவிடக் கட்டிப்போட்ட கற்பனை வேறு இருந்ததா என்பது சந்தேகம். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது, அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ, சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலே பிரிட்டனுக்காக எழுதிய ஸ்பைடர், பிறகு லக்கி லூக், இரத்தப் படலம் என்று பட்டாளமே இறங்கியது. கதைகள் எல்லாம் இறக்குமதி. அவற்றோடு லண்டனில், மிலானில், பிரஸ்ஸல்ஸில் ஒட்டிக்கொண்டிருந்த இசை மட்டும் கப்பலேறவில்லை. பிரிட்டிஷ் சிறுவன் ஸ்பைடரைப் படித்த 1965-ல் அவன் வீட்டு வானொலியில் பீட்டில்ஸ் பாடியிருக்கும். அதே ஸ்பைடரைப் படித்த தூத்துக்குடிப் பையனுக்கு அந்தக் கூட்டாளிச் சத்தம் தெரியவே தெரியாது.

அவனுக்கு வேறு சத்தம் தெரிந்திருந்தது. முத்து காமிக்ஸுக்கு ஆறு ஆண்டு முன்பே, 1966-ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ வந்துவிட்டது. துப்பறியும் ஜெய்சங்கர், பின்னணியில் வேதாவின் இசை. வேதா அசலான மெட்டுக்காரர் அல்லர் என்று இசை விமர்சகர்கள் மட்டம் தட்டுவது வழக்கம். இந்தி மெட்டுகளையும் மேல்நாட்டு மெட்டுகளையும் தயங்காமல் எடுத்தாண்டார் என்பது உண்மைதான். காமிக்ஸ் ரசிகனின் கோணத்திலிருந்து பார்த்தால் அதுவே அவருடைய பெரிய உபகாரம். கிட்டார் சுண்டல், டிரம்பெட் அலறல், இருட்டுச் சந்தில் யாரோ நடக்கும்போது பாங்கோவில் ஒரு தட்டல்: உளவாளிக்கு இன்ன சத்தம் என்று தமிழ்க் காதுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ‘அதே கண்கள்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று அந்தப் பாடம் தொடர்ந்தது. கௌபாய் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. டெக்ஸ் வில்லர் இத்தாலியில் 1948-ல் பிறந்தவர். இயக்குநர் செர்ஜியோ லியோனியும் இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனியும் சீட்டியும் சவுக்குச் சத்தமுமாக ஒரு கௌபாய் இசையை உருவாக்கியது 1964-ல். அங்கே படம் முதலில், இசை பின்னால். இங்கே தலைகீழ். கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’ 1970-லும் ‘கங்கா’ 1972-லும் வந்து, வறண்ட பொட்டலில் குதிரை ஓடினால் என்ன கேட்க வேண்டும் என்பதை டூரிங் டாக்கீஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1978-ல் சங்கர்-கணேஷ் இசையில் ‘தாய் மீது சத்தியம்’ ரஜினியைக் குதிரையேற்றியது. டெக்ஸ் வில்லர் ‘தலைவாங்கிக் குரங்கு’ மூலம் தமிழுக்கு வந்தது 1985-ல்தான். அவர் வந்து இறங்கியபோது அவருக்கான சீட்டிச் சத்தம் தயாராகக் காத்திருந்தது.

படத்தைப் பார்க்கும்போது கேட்ட பின்னணி இசை, புத்தகத்தைத் திறக்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இங்கேதான் கொழும்பு வருகிறது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கதவைச் சாத்தியதால் கொழித்தது இலங்கை வானொலி. பின்னாளில் இங்கே விவித்பாரதி வந்து கதவு திறந்த பிறகும் தென்கடற்கரை கொழும்பை விடவில்லை. அதன் அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவின் மூச்சுவிடாத வேகமும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானமும் இந்தக் கரையில் வீட்டு மனுஷர் குரல்போலப் பழகியவை. அந்த வானொலிகளில் திரைப்பட ஒலிச்சித்திரம் என்றொரு நிகழ்ச்சி உண்டு. ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் பின்னணி இசையையும் சுருக்கி, படமில்லாமல், காதுக்கு மட்டும் கொடுப்பது. கத்தி உருவும் சத்தம் கேட்கும், யார் உருவினார் என்பதைக் கேட்பவர் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். காமிக்ஸ் செய்வது நேர் எதிர்: யார் உருவினார் என்று தெரியும், சத்தம் கேட்காது. ஒன்றில் குறைவது மற்றதில் நிறைந்திருக்கிறது. இரண்டையும் ஒரே வயதில், பல வீடுகளில் ஒரே சாயங்காலத்தில், பழகிய தலைமுறை இது. லயன் காமிக்ஸ் பிறந்த அதே 1984-ல் ‘விதி’ படத்தின் வசன ஒலிநாடா ஊர் ஊராக ஓடியது. கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் குழாய் ஸ்பீக்கரில் நீதிமன்றக் காட்சியைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் அநேகம். வசனமும் அதன் அடியில் ஓடும் வயலினும் சேர்ந்து மனத்தில் தங்கிய காது அது. அந்தக் காதோடுதான் அவர்கள் லயன் காமிக்ஸைத் திறந்தார்கள்.

கடற்கரைக்கு இந்தப் பழக்கம் வானொலியோடு தொடங்கியதும் இல்லை. புனிதர்களின் வரலாற்றைப் பாட்டும் வசனமுமாக நடிக்கும் வாசகப்பா நாடகங்கள் தென்தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் நெடுங்காலம் நடந்தவை. அரசன் மேடைக்கு வருமுன் அவன் வருகிறான் என்று பாட்டு சொல்லிவிடும். வந்த பிறகு தானே தன் பெருமையைப் பாடிக்கொள்வான். தன் கட்டத்துக்குள் வந்து நின்று, பலூனுக்குள் தன்னைப் பற்றித் தானே வீராப்புப் பேசும் ஸ்பைடருக்கும் இவனுக்கும் ரொம்ப தூரம் இல்லை. கூடவே, தனியே உட்கார்ந்து வாசிப்பது இங்கே பிந்தி வந்த வழக்கம். தினத்தந்தியைத் தேநீர்க் கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க நாலு பேர் கேட்டது தமிழ்நாடு முழுக்க நடந்த காரியம். அதில் வந்த படக்கதையான கன்னித்தீவின் சிந்துபாத் பலருக்கு அறிமுகமானது அப்படித்தான்: படத்தை எட்டிப் பார்த்து, கதையைக் காதால் கேட்டு, தலைக்கு மேல் வானொலி பாடிக்கொண்டிருக்க.

பக்கத்தையே எடுத்துப் பார்த்தாலும் இது தெரியும். லக்கி லூக்கின் பெரும்பாலான கதைகள் ஒரே மாதிரி முடியும். மறையும் சூரியனை நோக்கி ஜாலி ஜம்பர் மீது போய்க்கொண்டே, தான் ஒரு தனிமைக் கௌபாய் என்று அவர் பாடுவார். பலூனில் இசைக்குறி மிதக்கும். பிரெஞ்சு வாசகனுக்கு அந்த இடத்தில் பாட, அமெரிக்க நாட்டுப்பாட்டின் சாயல்கொண்ட மெட்டு கைவசம் உண்டு. தமிழ் வாசகனுக்கு மெட்டு கொடுக்கப்படவில்லை. கட்டம் கேட்கிறது, அவன் ஏதோ ஒன்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும். குதிரை, தனிமை, சாயங்காலம் மூன்றும் சேர்ந்தால் அவன் கையிருப்பில் இருப்பது திரையிசைதான். டுமீலும் தடாலும் ணங்கும் சதக்கும் நிறைந்த நம் காமிக்ஸ் பக்கம் வெள்ளைக்காரன் பக்கத்தைவிட எப்போதுமே கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வாசகன் மண்டைக்குள் நடந்ததாகச் சொல்லும் ஊகம், ஆதாரம் என்ன என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. மண்டைக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் அந்த ரசனையில் ஊறியவர்கள் பெரியவர்களாகித் தாங்களே படைத்ததைப் பார்க்க முடியும். விகடனில் கார்ட்டூன் வரைந்தவரான சிம்புதேவன் 2010-ல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தார். தலைப்பே ஒரு லயன் காமிக்ஸ் தலைப்புப்போல இருக்கிறது. அதில் வரும் ஊருக்கோ ஜெய்சங்கர்புரம் என்று பெயர். காமிக்ஸ் கௌபாயைத் திரைக்குக் கொண்டுபோனவர் கர்ணன்-ஜெய்சங்கர் காலத்துத் தமிழ்த் திரையையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார், ஜி.வி. பிரகாஷின் இசையும் மோரிக்கோனியைப் பழைய தமிழ்ப்பட வழியாகவே நினைவூட்டுகிறது. இதைவிட வலுவான சாட்சி 2023-ல் மடோன் அஷ்வின் இயக்கிய ‘மாவீரன்’. அதன் நாயகன் நாளிதழில் காமிக்ஸ் தொடர் வரைபவன். அவன் வரையும் வீரன் அவனிடம் உருவமாக வருவதில்லை, குரலாக வருகிறான். மேலேயிருந்து ஒரு குரல் அவன் கதையை அவனுக்கே சொல்லிக்கொண்டு போகிறது. விஜய் சேதுபதி குரல். அமெரிக்க இயக்குநர் ஒருவர் இதை எடுத்திருந்தால் நாயகனுக்கு முகமூடியும் அங்கியும் மாட்டியிருப்பார். தமிழ்ப் படம் ஒலிச்சித்திரத்துக்குப் போனது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு மறுப்பு இளையவர்களிடமிருந்து வரும். 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாகக் காமிக் கான் நடந்தது. அங்கே வேடமிட்டு வந்தவர்களுக்கு வேதாவும் தெரியாது, கே.எஸ். ராஜாவும் தெரியாது. அவர்கள் கேட்பது ஜப்பானிய அனிமே தொடர்களின் தொடக்கப் பாடல்கள். உண்மை, அவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. ஆனாலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அவர்களுக்கும் இசை மாங்கா புத்தகத்திலிருந்து வரவில்லை, அதை வைத்து எடுத்த அசைபடத்திலிருந்து வந்தது. தந்தைக்குத் திரையரங்கு செய்ததை மகனுக்குக் கைபேசி செய்கிறது. வேறுபாடு, மகனுக்குப் படமும் ஒலியும் ஒட்டப்பட்டே கிடைக்கின்றன. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல இது இடமில்லை என்றாலும், ஒட்டுகிற வேலையைத் தானே செய்த ரசிகனுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் கூடுதல் உரிமை இருந்தது என்று நினைக்கிறேன். இரத்தப் படலத்தின் பதினெட்டுப் பாகங்களும் 2010-ல் ஒரே தொகுப்பாக வரும்வரை ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டு நச்சரித்த கூட்டம், ஆகஸ்ட் தோறும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன்-முத்து காமிக்ஸ் ஆசிரியரைச் சந்தித்து வாதாடும் கூட்டம், வெறும் வாங்குவோர் கூட்டமாக இருக்க முடியாது.

அதே கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பழைய முத்து காமிக்ஸ் பிரதி ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கிறீர்கள்; அட்டை கிழியாமல் உறை போட்டு வைக்கிறீர்கள். காகிதப் பாதி பிழைத்துவிட்டது. ஒலிப் பாதியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வானொலியிலிருந்து வீட்டில் பதிவு செய்த ஒலிச்சித்திரங்கள், கதைவசன ஒலிநாடாக்கள், ரேடியோ செட்டுக்காரர்கள் பெட்டி பெட்டியாக வைத்திருந்த இசைத்தட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் ஒலிநாடா பூஞ்சை பிடிக்க அதிக காலம் ஆகாது. உங்கள் வீட்டுப் பரணிலோ, உங்கள் ஊர் ரேடியோ செட்டுக்காரர் வீட்டிலோ அப்படி ஏதாவது கிடந்தால் எறிய விடாதீர்கள். ஓடும் நிலையில் இருக்கும்போதே கணினியில் ஏற்றி, எந்த ஊரில் எந்த ஆண்டு பதிவானது என்று எழுதி வையுங்கள்.