சதுரங்கப்பட்டினத்தின் கணக்கர்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் சத்ராஸ்பத்னம் என்று எழுதினார்கள். ஆங்கிலேயர் அதையும் வெட்டி சத்ராஸ் ஆக்கினார்கள். இப்போது பஸ்ஸில் கல்பாக்கம் என்று கேட்டு டிக்கெட் வாங்குவதுதான் சுலபம். கடலைப் பார்த்தபடி அங்கே ஒரு செங்கல் கோட்டை நிற்கிறது. அதைப் பற்றித் தமிழில் கிடைத்த கட்டுரைகள், யூட்யூப் வீடியோக்கள், முகநூல் பதிவுகள் எல்லாவற்றையும் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைப் படித்தால் போதும், மற்றவையும் அதேதான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1818இல் திரும்பக் கொடுத்தார்கள். 1824 லண்டன் ஒப்பந்தத்தின்படி மறுபடி வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் கல்லறைகளின் புகைப்படம். அவ்வளவுதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இதை எங்கள் தொழிலில் கமிட் லாக் என்போம். யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்ற பட்டியல். அந்த நிரல் என்ன வேலை செய்தது, யாருக்கு உபயோகப்பட்டது என்பது அதில் இருக்காது. நம் ஊர் வரலாறுகளில் பெரும்பாலானவை கமிட் லாக்காகவே நின்றுவிடுகின்றன. சதுரங்கப்பட்டினத்துக்கு இது கூடுதல் அநியாயம். ஏனென்றால் அது கைமாறிய ஊர் மட்டுமில்லை, ஒரு எல்லை ஊர்.

எல்லை என்றால் வாகா மாதிரி கம்பி வேலி போட்ட கோடு இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கடற்கரையை வடக்கிலிருந்து தெற்காகப் பாருங்கள். சென்னையில் ஆங்கிலேயர். கோவளத்தில் பிரெஞ்சுப் படை இருந்தது, 1752இல் கிளைவ் அதை விரட்டினார். அதே வருடம் உள்ளே செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். தெற்கே ஆலம்பரை 1750இல் டூப்ளேயின் கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள். அதற்கும் தெற்கே புதுச்சேரி. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஏறக்குறைய நடுவில், இந்தச் சண்டையில் சேராமல், டச்சுக் கொடி பறந்த ஊர் சதுரங்கப்பட்டினம்.

அதனால்தான் 1754 ஜனவரியில் இரண்டு கம்பெனிகளும் சமாதானம் பேச இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தன. ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் பாக், ஹென்றி வான்சிட்டார்ட். பிரெஞ்சுத் தரப்புக்கு லவோர் என்ற ஏசு சபைப் பாதிரியார் முக்கியமானவர். கர்நாடகம் யாருடைய நவாபுக்கு என்பதுதான் கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் முகலாய ஆவணங்களை எடுத்து வைத்தார்கள், ஆங்கிலேயர் அவை உண்மையானவைதானா என்று கேட்டார்கள். பேச்சு முறிந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் டூப்ளேவைத் திருப்பி அழைத்துக்கொள்ள புதுச்சேரிக்குக் கப்பல் வந்துவிட்டது. தென்னிந்தியா யாருக்கு என்ற வழக்கு சில நாட்களுக்கு நம் செங்கல்பட்டுக் கடற்கரையின் ஒரு டச்சுக் கிடங்கூரில் நடந்திருக்கிறது. உள்ளூரில் இதைச் சொல்லி ஒருத்தரும் நான் கேட்டதில்லை.

1782 பிப்ரவரி 17இல் இந்த ஊருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். இருவருக்கும் நடந்த ஐந்து கடற்போர்களில் முதலாவது அது. அதற்குச் ‘சத்ராஸ் போர்’ என்றே பெயர். ஊரின் பெயரை உலகக் கடற்படை வரலாற்றில் ஏற்றிய சண்டை. ஆனால் ஊரைப் பற்றி அதில் எதுவும் கிடையாது.

ஊருக்குள்ளே இருந்துகொண்டு எழுதியவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான், யாக்கோப் ஹாஃப்னர். 1754இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர். கப்பல் மருத்துவரான அப்பாவுடன் சிறுவனாகவே கடலேறினார். அப்பா வழியிலேயே இறந்துபோக, டச்சுக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்கு வந்தார். முதலில் நாகப்பட்டினம், பிறகு சதுரங்கப்பட்டினம். 1781இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததும் கைதியாகச் சென்னைக்குப் போனார். ஹைதர் அலியின் போரால் நகருக்கு நெல் வராமல்போன அந்தப் பஞ்சத்தை அங்கே கண்ணால் பார்த்தார். தரங்கம்பாடிக்குத் தப்பி, இலங்கை போய், கல்கத்தா போய், வியாபாரத்தில் பணம் சேர்த்து, ஐரோப்பா திரும்பி, அந்தப் பணத்தைப் பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பத்திரங்களில் தொலைத்தார். கையில் காசில்லாத காலத்தில்தான் எழுத உட்கார்ந்தார். 1806இல் சென்னையிலிருந்து தரங்கம்பாடி வழியாக இலங்கை போன கதை. 1808இல் சோழமண்டலக் கரையோரப் பல்லக்குப் பயணம், இரண்டு பாகம். 1809இல் இறந்தார்.

எனக்கு டச்சு தெரியாது. ஹாஃப்னரை நான் அறிந்தது பால் வான் டெர் வெல்டே எழுதி 2020இல் சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலத்தில் வந்த வாழ்க்கை வரலாற்றின் வழியாக. உழைப்பு மிகுந்த நூல். அதன் துணைத் தலைப்பு ஹாஃப்னரைக் காலனிய எதிர்ப்பாளர் என்கிறது. என் முரண்பாடு இங்கேதான்.

அந்தப் பட்டத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மிஷனரிகளால் பயன் உண்டா என்று ஹார்லெம் நகரின் டெய்லர் சங்கம் வைத்த கட்டுரைப் போட்டியில், பயனில்லை, ஐரோப்பியர்கள் முதலில் தங்களைத் திருத்திக்கொள்ளட்டும் என்கிற தொனியில் எழுதிப் பரிசும் வாங்கியவர். ராமாயணத்தை டச்சில் எழுதியவர், அது அவர் இறந்த பிறகு 1823இல் வெளிவந்தது. சென்னைப் பஞ்சத்தில் தெருவில் செத்து விழுந்தவர்களைப் பார்த்து ஆங்கிலேயர் மேல் கொதித்தவர். அந்தக் காலத்தில் எத்தனை ஐரோப்பியர் இவ்வளவு எழுதினார்கள்?

ஆனால் யார் மேல் அவருக்குக் கோபம் அதிகம் என்று பாருங்கள். ஆங்கிலேயர் மேல். அவர்கள்தான் அவருடைய ஊரையும் வேலையையும் பறித்தார்கள். போட்டிக் கம்பெனியின் கணக்கர் எதிரிக் கம்பெனியைத் திட்டுவதை நாம் காலனிய எதிர்ப்பு என்று மொத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது. எழுதும்போது சம்பவங்கள் நடந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பணம் போனவனின் நினைவில் இளமைக்கால ஊர் சொர்க்கமாகத்தான் தெரியும். பல்லக்குப் பயணத்தில் மாமியா என்ற நாட்டியப் பெண்ணோடு காதல் வருகிறது, கடைசியில் அவள் இறந்துபோகிறாள். அக்கால ஐரோப்பிய உணர்ச்சிப் பயண நூல்களுக்கு இது பழகிய முடிவு. கீழைநாட்டுப் பெண் அன்பு செலுத்தி, செத்து, கதாநாயகனை நல்லவனாக்கிவிட்டுப் போவாள். மாமியா நிஜமாகவே இருந்தாளா என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவளுக்கு அந்தப் புத்தகத்தில் காதலைத் தவிர வேறு வேலை இல்லையே என்பதுதான் உறுத்துகிறது.

இதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. ஹாஃப்னர் கணக்கர். டச்சுக்காரர்கள் இந்த ஊருக்கு வந்ததே துணிக்காக. சோழமண்டலத் துணியைக் கொண்டுபோய் ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும் கொடுத்துத்தான் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். வியாபாரிக்கு முன்பணம் கொடுத்து, வியாபாரி நெசவாளிக்குக் கொடுத்து, தறியிலிருந்து வந்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, தரம் குறைந்தால் விலை குறைத்தோ திருப்பி அனுப்பியோ நடந்த தொழில் அது. யார் எவ்வளவு கடன்பட்டான், யாருடைய துணி திரும்பிப் போனது, சாயவேர் தட்டுப்பாட்டில் எந்தச் சரக்கு தாமதமானது. இந்த மாதிரி விவரங்கள் தினமும் கடந்துபோகும் மேசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த மேசையிலிருந்து எழுந்து வந்து அவர் எழுதியது பல்லக்கு, காதல், பனைமர நிழல். கணக்கர் தன் கணக்குப் புத்தகத்தை இலக்கியத்துக்கு லாயக்கில்லாதது என்று நினைத்துவிட்டார். எல்லை ஊரின் நிஜமான கதை அதில்தான் இருந்தது. மூன்று கொடிகளுக்கு நடுவே வாழ்ந்த நெசவாளி யாரிடம் முன்பணம் வாங்கினான், ஒரு கம்பெனி விலையை இறக்கினால் இன்னொன்றிடம் போக முடிந்ததா? எல்லை அவனுக்கு ஆபத்தா, பேரம் பேச ஒரு வாய்ப்பா?

இந்தக் கேள்விகளைக் கேட்டவர் வேறொருவர். யாழ்ப்பாணத்துக்காரரான சின்னப்பா அரசரத்தினம். டச்சு கற்றுக்கொண்டு, கம்பெனி ஆவணங்களுக்குள் போய், 1650 முதல் 1740 வரையிலான சோழமண்டலக் கரையின் வியாபாரிகளைப் பற்றி 1986இல் நூல் எழுதினார். நெசவாளிகளைப் பற்றித் தனியாகவும் எழுதினார். அவருடைய நடை வறண்டது. காதல் கிடையாது, சூரிய அஸ்தமனம் கிடையாது. ஆனால் கம்பெனிகளின் போட்டி இருந்தவரை நெசவாளிக்கு மூச்சுவிட இடம் இருந்தது, ஆங்கிலேயர் மட்டும் மிஞ்சியபோது அது போனது என்ற சித்திரம் அவரைப் படித்தால்தான் கிடைக்கிறது. அப்படிப் பார்த்தால் சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது கொடி மாறிய செய்தி மட்டுமில்லை. சுற்றியிருந்த நெசவாளிகளுக்கு வாங்குபவன் ஒருவன் குறைந்துபோன செய்தி. நம் கட்டுரைகளில் இந்த ஒரு வரி வந்திருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

தமிழ் இலக்கியம் இந்தக் கரைக்கு வராமல் இல்லை. கல்கி மாமல்லபுரத்தோடு நின்றுவிட்டார், அவருக்குப் பல்லவர்கள் போதும். பிரபஞ்சன் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் கொடுத்தார். பிள்ளை துபாஷி, வியாபாரி, அன்றாடம் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதி வைத்தவர். அந்த ஒரு நாட்குறிப்பு இருந்ததால் புதுச்சேரிக்கு நாவல் கிடைத்தது. சதுரங்கப்பட்டினத்துக்கு நாட்குறிப்பு எழுதிய பிள்ளை கிடைக்கவில்லை, ஹாஃப்னர்தான் கிடைத்தார். இரண்டு ஊர்களின் இலக்கிய விதிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இடத்தின் பெருமை, சிறுமை எல்லாம் அப்புறம்.

பிறகு வந்த காலமும் ஊரை மறைத்தது. 1983 ஜூலையில் கல்பாக்கத்தின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் வெளியுலகுக்கு இந்தப் பகுதி முழுவதுமே கல்பாக்கம்.

இப்போது ஒன்று மாறியிருக்கிறது. நெதர்லாந்தில் குளோபலைஸ் என்ற திட்டம் டச்சுக் கம்பெனியின் கையெழுத்து ஆவணங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களை இயந்திரத்தால் வாசிக்கவைத்து, இணையத்தில் தேடும்படி செய்துவருகிறது. சத்ராஸ்பத்னம் என்று ரோமன் எழுத்தில் அடித்தால் பக்கங்கள் வரும். டச்சு தெரியாமல் எப்படி என்று கேட்கலாம். மொழிபெயர்ப்புக் கருவிகள் இருக்கின்றன, ஓரளவு தேறும். கருவியால் ஆகாத வேலை வேறு. டச்சில் ‘ஓ’வும் ‘இ’யும் சேர்ந்து வந்தால் ‘உ’. முத்து என்ற பெயரை அந்தக் கணக்கர்கள் எழுதினால் நம் கண்ணுக்கு மொயட்டொய் மாதிரி ஏதோ தெரியும். இயந்திரத்துக்கு அது வெறும் எழுத்துவரிசை. ஒரு டச்சு ஆய்வாளருக்கு ஏதோ ஓர் இந்தியப் பெயர். அது முத்து என்று சட்டென்று பிடிக்க இந்தப் பக்கத்து ஆள் வேண்டும். பெயர் பிடிபட்டால் அவன் எந்தத் தறிக்கூடத்துக்காரன், யாரிடம் கடன் வைத்தான் என்று அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் என்னைப் போல லேப்டாப்பை மூடாத ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். கோட்டையின் ட்ரோன் வீடியோ போதுமான அளவு வந்துவிட்டது.